லோகோவிலிருந்து சரியான நிறத்தை எடுப்பது எப்படி?

சித்தப்பாவின் ஜவுளிக்கடைக்கு ஒரு வலைப்பக்கம் செய்தேன். லோகோவின் அரக்கு நிறத்தையே மேல்பட்டைக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் தெரியும் நிறத்தின் எண்ணைச் சொல்லும் கலர் பிக்கரில் எடுத்துப் போட்டால், லோகோவைச் சுற்றி ஒரு செவ்வகம் தனியாகத் தெரிந்தது. லோகோவின் அரக்கு ஒன்று, பட்டையின் அரக்கு வேறொன்று. சேலைக்கு ஒட்டாத ரவிக்கை மாதிரி இருந்தது. சரிசெய்ய அரை நாள் ஆனது.

முதலில் நிறம் எடுக்கும் முறை. லோகோவைப் போட்டிருக்கும் உங்கள் பக்கத்தைக் குரோமில் திறந்து, வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். ஸ்டைல்ஸ் பகுதியில் நிறம் குறித்திருக்கும் வரிகளின் பக்கத்தில் ஒரு குட்டிச் சதுரம் இருக்கும். அதைச் சொடுக்கினால் கலர் பிக்கர் திறக்கும். அதிலுள்ள சொட்டுக்குழாய் படத்தை அழுத்தி லோகோ மேல் கொண்டுபோங்கள்; புள்ளிகள் பெரிதாகத் தெரியும். வேண்டிய இடத்தில் சொடுக்கினால் எண் வந்துவிடும். #800000 என்றால் சிவப்பு 128, பச்சையும் நீலமும் 0. எண்ணைக் கையோடு சிஎஸ்எஸ் கோப்பில் (பக்கத்தின் நிறம், அமைப்பை எழுதிவைக்கும் கோப்பு) ஒட்டிவிடுங்கள். இன்ஸ்பெக்டில் மட்டும் மாற்றியது ரிப்ரெஷ் செய்தால் போய்விடும்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். என்னிடம் இருந்தது போனில் கைமாறி வந்த ஜேபெக் லோகோ. அதில் தங்க நிற எழுத்துக்குப் பக்கத்தில் சொடுக்கியிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: எழுத்தைச் சுற்றிய அரக்கில் பழுப்பும் ஆரஞ்சும் தூசி மாதிரி கலந்திருந்தன. ஜேபெக் ஒரு படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரு கட்டத்துக்குள் எழுத்தின் ஓரம் வந்துவிட்டால் அந்தக் கட்டம் முழுக்க நிறம் சிதறும். நிறத் தகவலைப் பல நேரம் இன்னும் குறைத்துவிடுவதால் சிதறல் அடுத்த கட்டம் வரைக்கும் போகும்.

அதனால் எழுத்திலிருந்து குறைந்தது 20 புள்ளி தள்ளி, வெறும் நிறம் மட்டும் இருக்கும் இடத்தில் எடுங்கள். நாலைந்து இடத்தில் எடுத்துப் பார்த்து, அடிக்கடி வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். லோகோ செய்தவரிடம் எஸ்விஜி கோப்பை (படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் எழுத்து வரிகளாக விவரிக்கும் கோப்பு) கேட்டு வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. நிறத்தின் எண் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும், பிக்கரே வேண்டாம். நான் கடைசியில் பின்னணி இல்லாத பிஎன்ஜி வாங்கிப் போட்டேன். செவ்வகம் மறைந்தது.

அப்புறம், நிறம் கிடைத்ததும் அது படிக்கத் தோதானதா என்று கட்டாயம் பாருங்கள். எழுத்து நிறத்தின் சதுரத்தைத் திறந்தால் கான்ட்ராஸ்ட் விகிதத்தையும் (எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது) குரோம் காட்டும். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி விதி, அதாவது வலைப்பக்கங்களை எல்லாரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி. வெள்ளையில் #767676 சாம்பல் 4.54 வாங்கித் தேறுகிறது. #777777 வெறும் 4.48, தேறாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அரக்கு கிட்டத்தட்ட 11, கவலையே இல்லை. வெள்ளையில் பளீர் மஞ்சள் எழுத்தை மட்டும் வைக்காதீர்கள். கடைக்கு வருகிற வயதானவர்களும் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

பிரவுசருக்கு வெளியே, பிடிஎஃப்பிலோ போட்டோவிலோ எடுக்க விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித்தொகுப்பு போதும்: விண்டோஸ், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இலவசம். இதற்கென்று தனியாக எக்ஸ்டென்ஷன் போடுவதை நான் விரும்புவதில்லை. நீங்கள் திறக்கும் பக்கங்களையெல்லாம் படிக்கும் அனுமதியை ஒரு நிறத்துக்காக ஏன் கொடுக்க வேண்டும்?

பின்சேர்க்கை: பட்டனில் எடுத்த நிறம் கோடில் இருப்பதோடு ஒத்துவரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். பட்டன் பாதி ஒளிபுகும் நிறமாக இருந்தால் அப்படித்தான் வரும். பிக்கருக்குத் தெரிவது திரையில் கலந்து வந்த நிறம் மட்டுமே. வெள்ளை மேல் 50% கருப்பு வைத்தால் #808080 சாம்பல்தான் கிடைக்கும். அங்கே ஸ்டைல்ஸ் வரியைப் படியுங்கள். மேக்கில் கூடவே வரும் டிஜிட்டல் கலர் மீட்டர் என்ற நிறம் பார்க்கும் செயலி வேறு எண் காட்டினால், மேலே உள்ள பட்டியலில் எஸ்ஆர்ஜிபி-க்கு (வலைப்பக்கங்களில் வழக்கமான நிற அளவுமுறை) மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள்.