கேம்ல ஆள் திடீர்னு பின்னாடி இழுக்குதா? பாக்கெட் லாஸ் எங்கன்னு பாருங்க

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீடுகள்ல இருந்து கேம் ஆடுற தம்பிங்களுக்கு இது. பிங் 30 தான் காட்டுது ஆனா சுட்டா குண்டு படல, ஆள் ஓடி வந்த இடத்துக்கே திரும்ப இழுக்குதுன்னா அது ஸ்பீடு பிரச்சனை இல்ல, அனுப்புன டேட்டா பாதி வழியில காணாம போகுது, இதத்தான் பாக்கெட் லாஸ்னு சொல்றது, அதனால பெரிய பிளான் மாத்தி காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க.

கம்ப்யூட்டர்ல கமாண்ட் ப்ராம்ப்ட் ரெண்டு திறங்க. ஒண்ணுல உங்க ரவுட்டர் அட்ரஸுக்கு, நிறைய வீட்ல 192.168.0.1 இல்லாட்டி 192.168.1.1, இன்னொண்ணுல வெளிய இருக்குற கூகுள் சர்வரான 8.8.8.8க்கு பிங் போட்டு கடைசில -t சேத்து (ping 8.8.8.8 -t மாதிரி) ஓட விடுங்க, கேம் ஆடுறப்பவே ஓடணும், அதான் முக்கியம். ரவுட்டர் பக்கமே "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" வந்தா கோளாறு வீட்டுக்குள்ள, பெரும்பாலும் வைஃபை. லான் கேபிள் போட்டுட்டா அனேகமா சரியாயிரும். கேபிள் எட்டாதுன்னா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்க, ஆனா அது செவுத்த தாண்டுனா சட்டுனு வீக் ஆயிரும், ரவுட்டர் இருக்குற ரூம்லயே ஆடுனா நல்லது.

ரவுட்டர் கிளீன், 8.8.8.8 மட்டும் விட்டு விட்டு போகுதா? முதல்ல ஃபைபர் வயர் எங்கயாச்சும் மடங்கி நசுங்கி இருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லன்னா அந்த பிங் ஸ்கிரீன ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எத்தன மணிக்கு ஆச்சுன்னும் போட்டு லைன் கம்பெனிக்கு அனுப்பி கம்ப்ளெய்ண்ட் போடுங்க, சும்மா "லைன் ஸ்லோ லா"ன்னு சொன்னா ஸ்பீட் டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு போயிருவாங்க.