புகை அலாரம் வாங்கி மாட்டுவது எப்படி: கடையில் சொல்லும் யோசனைகளைத் தள்ளிவைத்துவிட்டு

வீட்டுக்கு ஸ்மோக் டிடெக்டர் வேண்டும் என்று எலக்ட்ரிகல் கடையில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு கிடைக்கும். ஒன்று, வட்டமான வெள்ளை டப்பா. இன்னொன்று, "கிச்சன்ல மாட்டுங்க சார், அங்கதான் தீப்பிடிக்கும்" என்ற யோசனை. டப்பா தவறானதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. யோசனை நிச்சயம் தவறு.

இந்தப் பதிவு தனி வீட்டுக்கும், பொது அலாரம் இல்லாத சாதாரண ஃபிளாட்டுக்கும். உங்கள் குடியிருப்பில் ஏற்கெனவே கூரையில் டிடெக்டர்களும் கீழே செக்யூரிட்டி அறையில் பேனலும் இருந்தால் அதைக் கழற்றவோ மாற்றவோ வேண்டாம். அது சங்கத்தின் வேலை. உங்கள் பங்குக்குத் தனி அலாரம் ஒன்றை வீட்டுக்குள் கூடுதலாக மாட்டிக்கொள்ளலாம்.

படி 1: சரியான பொருளைக் கேட்டு வாங்குங்கள்

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சாதனங்கள் சந்தையில் உள்ளன. ஒன்று பேனலோடு சேர்ந்து வேலை செய்வது. அலுவலகக் கூரையில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்குமே, அது. அதற்குத் தானாகச் சத்தம் போடத் தெரியாது. புகை நுழைந்தால் தன் வழியே ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டும், அவ்வளவுதான். வயரின் மறுமுனையில் உள்ள பேனல் அதைக் கண்டுபிடித்து ஹூட்டரை ஒலிக்கவிடும். பேனல் இல்லாத வீட்டில் இதை மாட்டினால், தீப்பிடித்த அன்று புகைக்கு நடுவே ஒரு சிவப்பு விளக்கு எரியும். தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார்.

விலை குறைவு என்பதால் இதுதான் கடைகளில் அதிகம் கைமாறுகிறது. "ஒரு 12 வோல்ட் அடாப்டர் குடுத்தா போதும்" என்று சொல்லி விற்பார்கள். அடாப்டர் கொடுத்தால் விளக்கு மினுக்கும், அதைப் பார்த்துவிட்டு வேலை செய்கிறது என்று நாமும் திருப்தி அடைந்துவிடுவோம். மின்னோட்டத்தை அளவோடு கொடுக்கும் பேனல் இல்லாமல் நேராக இணைத்தால் உள்ளே சர்க்யூட் கெட்டுப்போகவும் செய்யலாம்.

நமக்கு வேண்டியது இன்னொன்று: பேட்டரியும் ஹூட்டரும் தனக்குள்ளேயே உள்ள தனி அலாரம். கண்டுபிடிப்பது சுலபம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி போடும் இடம், முகப்பில் டெஸ்ட் பட்டன், சத்தம் வெளியே வர ஓட்டைகள் இருக்க வேண்டும். பின்னால் எண் போட்ட திருகு முனைகள் மட்டும் தெரிந்தால் அது பேனல் வகை. கடையிலேயே பேட்டரி போடச் சொல்லி பட்டனை அழுத்திப் பாருங்கள். 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் வர வேண்டும் என்பது தர அளவு. கையில் பிடித்து அழுத்தினால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அப்படித் தோன்றவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, உள்ளே இருக்கும் சென்சார். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பது சரியல்ல. ஒளியை வைத்துப் புகையைப் பிடிப்பவை மெத்தை, தலையணை, வயரின் மேல்பூச்சு போன்றவை கனன்று புகையும்போது சீக்கிரம் எச்சரிக்கும். அயனி முறையில் வேலை செய்பவை சட்டென்று கொழுந்துவிட்டு எரியும் தீக்கு வேகமானவை. ஆனால் கனன்று புகையும் தீக்குத் தாமதமாகும், சமையல் புகைக்கோ அடிக்கடி கத்தும். தவிர அவற்றில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளி இருக்கும், பழையதானால் குப்பையில் போட முடியாது. படுக்கையறைப் பக்கம் மாட்ட ஒளி முறைதான் என் தேர்வு. பெட்டியில் 'ஃபோட்டோ எலக்ட்ரிக்' அல்லது 'ஆப்டிகல்' என்று போட்டிருக்கும்.

படி 2: பின்பக்கத்தைப் படியுங்கள்

முதலில் தயாரிப்புத் தேதி. புகை அலாரத்தின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு, அதுவும் தயாரித்த நாளிலிருந்து. நாலு வருடம் கடை அலமாரியில் தூங்கிய சரக்கு உங்களுக்கு ஆறு வருடம்தான் உழைக்கும். தேதியே இல்லாத டப்பாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு தர எண். வீட்டு அலாரத்துக்கு ஐரோப்பாவில் ஈ.என். 14604, அமெரிக்காவில் யூ.எல். 217. இவற்றில் ஒன்று அலாரத்தின் உடம்பிலேயே அச்சாகியிருக்க வேண்டும், அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. ஈ.என். முத்திரையானால், ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் போடும் சி.இ. (CE) எழுத்துகளுக்குப் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்றும் வரும். அது சோதித்துச் சான்று கொடுத்த அமைப்பின் எண். வெறும் சி.இ. என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

"ஐ.எஸ். 2189 சர்ட்டிஃபைடு" என்று சிலர் காட்டுவார்கள். ஐ.எஸ். 2189 என்பது கட்டிடங்களில் அலாரம் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, பராமரிப்பது பற்றிய வழிமுறைத் தொகுப்பு. ஒரு டப்பா நல்லதா கெட்டதா என்று அது சான்று கொடுப்பதில்லை.

ஆன்லைனில் நட்சத்திரங்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2021 ஜூலையில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. அந்தத் தளத்தில் விற்ற பொருள்களில் சுமார் 24,000 கார்பன் மோனாக்சைடு டிடெக்டர்கள், விஷவாயு இருந்தும் ஒலி எழுப்பாதவை என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. 2024இல் ஆணையம், அந்தப் பொருள்களுக்கு அமேசானும் ஒரு விநியோகஸ்தர்தான், பொறுப்பிலிருந்து விலக முடியாது என்று முடிவு சொன்னது. இந்த வகைப் பொருளில் பழுது வெளியே தெரியாது. விளக்கு எரியும், பட்டன் அழுத்தினால் சத்தம் வரும், வேலை செய்ய வேண்டிய நேரத்தில் மட்டும் செய்யாது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் வீட்டில் தீப்பிடித்திருக்கவா போகிறது?

படி 3: இடம் பார்ப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

சமையலறை வேண்டாம். காய்ந்த மிளகாய் தாளிக்கும் ஒவ்வொரு முறையும் அலாரம் கத்தும். நாலாவது நாள் யாராவது ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்கள். அத்தோடு அந்த வீட்டில் அலாரம் இல்லை. அடுப்பிலிருந்து 3 மீட்டராவது, அதாவது பத்தடி தள்ளி இருக்கட்டும். சமையலறைக்குள்ளேயே ஏதாவது வேண்டும் என்றால் வெப்ப அலாரம் என்று தனியாக விற்கிறது, புகையைக் கண்டுகொள்ளாது, சூடு 57 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறினால் ஒலிக்கும். அதே வெப்ப அலாரத்தை, "தொந்தரவு இருக்காது" என்று சொல்லிப் படுக்கையறைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அறை அவ்வளவு சூடாவதற்குள் புகை தன் வேலையை முடித்திருக்கும்.

முதல் அலாரம் படுக்கையறைகளுக்கு வெளியே, ஹாலிலிருந்து அறைகளுக்குப் பிரியும் இடத்தில். அடுத்தது ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும். மாடி வீடானால் தளத்துக்கு ஒன்றாவது. "ஒண்ணு போட்டா ஆயிரம் சதுர அடி கவர் ஆகும்" என்ற கணக்கு, குறுக்கே சுவர் இல்லாத ஒரே திறந்த இடத்துக்குத்தான் பொருந்தும். நம் வீடுகளில் ஏ.சி. போட்டு கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம். சாத்திய கதவு புகையையும் தடுக்கும், அலாரச் சத்தத்தையும் அமுக்கிவிடும்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஹாலில் இருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று வாங்க முடிந்தால் ரேடியோ அலையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வகை உண்டு. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். கூடுதல் விலைக்குத் தகுதியானது.

அப்புறம் சீலிங் ஃபேன். வெளிநாட்டு வீடியோக்களில் "அறையின் நடுவில் மாட்டுங்கள்" என்பார்கள். நம் வீட்டில் நடுவில் ஃபேன் இருக்கிறது. ஃபேன் காற்று புகையைக் கலைத்து அலாரத்துக்குள் போகவிடாது. றெக்கை நுனியிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. சுவரிலிருந்து ஓரடி தள்ளி என்பது பிரிட்டனில் பின்பற்றும் வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். 10க்கு 12 அடி அறை, நடுவில் 48 அங்குல ஃபேன். றெக்கை நுனி நடுப்புள்ளியிலிருந்து இரண்டடி. 12 அடிப் பக்கத்தில் சுவர் நடுப்புள்ளியிலிருந்து ஆறடி. நுனியிலிருந்து மூன்றடி விட்டால் சுவருக்குச் சரியாக ஓரடி மிஞ்சுகிறது. கொஞ்சம் மூலைப்பக்கம் நகர்ந்தால் இன்னும் வசதி: இரண்டு சுவரிலிருந்தும் ஓரடி விட்ட புள்ளி றெக்கை நுனியிலிருந்து நாலடிக்கு மேல் தள்ளி இருக்கும். டேப் வைத்து அளந்து பென்சிலால் குறியிடுங்கள்.

ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடம், குளியலறைக் கதவுக்கு மேல், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் பூஜை அலமாரிக்கு மேல், கொசுவர்த்தி வைக்கும் மூலைக்கு மேல், இவையும் ஆகாது. கூரையில் மாட்டவே முடியாத நிலையானால் சுவரில், கூரையிலிருந்து ஓரடிக்குள். "கைக்கு எட்டுற மாதிரி கதவு உயரத்துல வைங்க" என்று சொன்னால் கேட்காதீர்கள். புகை மேலே சேர்ந்துவிட்டுத்தான் கீழே இறங்கும்.

படி 4: மாட்டுவது

கான்கிரீட் கூரைக்கு ஹேமர் டிரில், அலாரத்தோடு வரும் திருகுக்கு ஏற்ற பிட், பிளாஸ்டிக் பிளக். அலாரத்தின் அடித்தட்டைக் குறியிட்ட இடத்தில் வைத்து இரண்டு ஓட்டைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேன் கொக்கிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் இடையே கூரைக்குள் வயர் குழாய் ஓடும், அந்தக் கோட்டில் துளை போட வேண்டாம். பிளக்கின் நீளத்துக்கு பிட்டில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் தேவைக்கு மேல் ஆழம் போகாது. தூசி முழுவதும் துடைத்த பிறகுதான் அலாரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். கான்கிரீட் தூசி உள்ளே போனால் புகை என்று நினைத்துக் கத்தும். டிரில் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் இடத்தை நீங்கள் குறித்துக் கொடுங்கள்.

"டபுள் டேப் போதும்" என்பதும் ஒரு கடை யோசனை. டிஸ்டெம்பர் அடித்த கூரையில் டேப் ஒட்டுவது சுண்ணாம்புத் தோலில்தான். ஒரு கோடை தாண்டினால் தோலோடு கழன்று விழும்.

சில அலாரங்களோடு ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் பிளாஸ்டிக் மூடி வரும். பெயிண்ட் அடிக்கும்போது தூசி போகாமல் இருக்க. அழகாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். புதிதாகக் குடிபோன பல கட்டிடங்களில் வருடக்கணக்காக மூடி கழற்றாத டிடெக்டர்களைப் பார்க்கலாம். அண்ணாந்து பார்த்து, இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 5: சோதிப்பது

பேப்பரைக் கொளுத்திக் காட்டச் சொல்வார்கள். ஸ்டூல் மேல் நின்று கையில் எரியும் பேப்பரோடு சோதிப்பது எவ்வளவு பெரிய அபத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை, கரியும் உள்ளே படியும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பேட்டரியும் ஹூட்டரும் சர்க்யூட்டும் சரியா என்று தெரியும். புகை உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று பார்க்க, அதற்கென்றே விற்கும் சோதனை ஸ்பிரே இருக்கிறது.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஏ.சி.யும் ஃபேனும் ஓடவிட்டு, வெளியே ஒருவர் பட்டனை அழுத்தட்டும். உள்ளே படுத்துக் கேளுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள், கீச்சென்ற ஒலி வயதானவர்கள் காதில் விழுவது குறைவு. மங்கலாகக் கேட்டால் அந்த அறைக்குள் இன்னொரு அலாரம் தேவை.

கேஸ் டிடெக்டர் தனிக் கதை

புகை அலாரம் கேஸ் கசிவைப் பிடிக்காது. "ரெண்டையும் பாத்துக்கும்" என்று சொன்னால், பெட்டியில் எல்.பி.ஜி. என்று எழுதியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். தனியாக வாங்கும்போதும் மாட்டும் உயரத்தைத் தலைகீழாகச் சொல்லிவிடுகிறார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். ஆகவே தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மாட்ட வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அதற்குக் கூரையை ஒட்டி. சிலிண்டர் வீட்டில் மேலே மாட்டிய டிடெக்டர், கேஸ் கழுத்தளவு நிரம்பும்வரை சும்மா இருக்கும்.

அது ஒலித்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். தீ என்றால் 101 அல்லது 112.

மாட்டிய பிறகு

மாதம் ஒரு முறை பட்டனை அழுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேக்குவம் கிளீனரால் ஓட்டைகளைச் சுற்றி இழுத்துவிடுங்கள், சிலந்தியும் குட்டிப் பூச்சிகளும் உள்ளே குடியேறுவது சகஜம். கூரைக்கு பெயிண்ட் அடிக்கும்போது அலாரத்தைக் கழற்றிவிடுங்கள், அதன் மேல் பெயிண்ட் படக்கூடாது. 9 வோல்ட் பேட்டரி போடும் வகையானால் அல்கலைன் பார்த்து வாங்குங்கள். 'ஹெவி ட்யூட்டி' என்று போட்ட மலிவு பேட்டரி கார்பன்-ஜிங்க் வகை, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பேட்டரி தீரும்போது நிமிடத்துக்கு ஒரு முறையாவது 'கிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், பெரும்பாலும் நடுராத்திரியில். புதுப் பேட்டரி போட்டும் அது நிற்கவில்லை என்றால் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். ஆயுள் முடிந்ததைப் பல அலாரங்கள் அப்படித்தான் சொல்லும். பத்து வருடம் ஆகியிருந்தால் அடித்தட்டை விட்டுவிட்டு அலாரத்தை மட்டும் கழற்றுங்கள். அதே மாடலோ, அதே தட்டில் உட்காரும் புது மாடலோ கிடைத்தால் மறுபடி துளை போட வேண்டியிருக்காது.