குடியை விட்டவருக்குச் சாயங்கால யோகா

தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்திவிட்டு நேராக யோகா பாயில் வந்து உட்காரக் கூடாது. மலேசியாவில் தோட்டத்து கிளினிக்கில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த காலத்திலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சம்சு என்ற மலிவுச் சாராயமோ பீரோ, கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு மேலும் முற்றினால் இல்லாத ஆளோடு பேசத் தொடங்குவார், உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் அரசாங்க கிளினிக்குக்கோ சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கோ போங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தால் அங்கேயும் போங்கள். அது இருக்கும் ஊரைச் சொல்லி "தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்று ஊர் வாய் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்திலிருந்து 2006-இல் வெளிவந்த ஆய்வும் இதே வரிசையில்தான் நடந்தது. குடிநோயாளிகள் 60 பேருக்கு முதலில் ஒரு வாரம் மருத்துவம். அப்புறம் அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு வாரம் சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சி. பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது. கார்டிசோல் என்ற பதற்ற ஹார்மோனும் இறங்கியது. யோகா தனியாகக் குடியை நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. மருந்தோடு சேர்ந்து நிற்கும் துணை அது.

சரி, எப்போது செய்வது? விடிகாலை நான்கு மணி என்று புத்தகங்கள் சொல்லும். தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறவர் அந்த நேரத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும் அவசரத்தில் இருப்பார். அவருக்குக் கஷ்டமான நேரம் சாயங்காலம். இரண்டு மணிக்கு வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்தால் ஐந்து மணி. கூட்டாளி மோட்டாரில் வந்து லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) முனையில் ஹார்ன் அடிப்பதும் அப்போதுதான். குடி உட்கார்ந்திருந்த அதே மணியில் பயிற்சியை உட்கார வையுங்கள். நான்கு மணிக்கே இரண்டு பிஸ்கட்டும் ஒரு மைலோவும் சாப்பிட்டுவிடுங்கள். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கும்தான் ஆளைக் கடைக்கு இழுப்பவை. பசியையாவது முன்கூட்டியே அடைத்துவிடலாம்.

பாயைச் சுவரோரம் விரியுங்கள். கெய்லி வேண்டாம், கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுத்து, அப்படியே மல்லாந்து, இரண்டு கால்களையும் சுவரில் ஏற்றிவிடுங்கள். நாளெல்லாம் அண்ணாந்து குலை வெட்டும் கம்பு பிடித்த கழுத்து இறுகிக் கிடக்கும். ஒரு துண்டை மடித்து அதன் கீழே வையுங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெதுவாகும். பத்து நிமிடம் போதும். இரத்தக் கொதிப்போ வயிறு வீக்கமோ இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே மூச்சை மட்டும் செய்யலாம். தலைகீழாக நிற்பது, கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் எல்லாம் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். வேகமாக மூச்சு விட்டால் தலை சுற்றும், படபடப்பு கூடும். நடுக்கம் தீராத உடம்புக்கு அது ஆகாது.

அப்புறம் எழுந்து உட்காருங்கள். கண்ணை மூடினால் பழைய சண்டைகளெல்லாம் வந்து நிற்கிறது என்பவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். தரையில் ஓர் இடத்தைப் பாருங்கள். மந்திரம் கட்டாயமில்லை, எண்ணிக்கை போதும். குடிக்க வேண்டும் என்ற ஆசை வந்தால் அதோடு சண்டை போடாதீர்கள். உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்: தொண்டையிலா, நெஞ்சிலா, உள்ளங்கையிலா? சூடா, இறுக்கமா? அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் குடிநோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. நம் பக்கத்துச் சாயங்கால மழை மாதிரிதான் அந்த ஆசையும். தகரக் கூரையைப் பிய்த்துவிடுவது போல் கொட்டும், பெரும்பாலும் அரை மணிக்குள் ஓய்ந்துவிடும். அதுவரை உள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். உட்கார முடியவே இல்லையா? எழுந்து, ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு கோயில்வரை நடந்துவிட்டு வாருங்கள். கடை இருக்கும் சாலைப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

சம்பள நாள்தான் பெரிய சோதனை. சட்டப்படி ஏழாம் தேதிக்குள் பணம் வந்துவிடும். வங்கி கார்டை முதல் நாளே அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டு, அன்றைக்குப் பயிற்சியைத் தனியாகச் செய்யாமல் நான்கு பேரோடு கோயில் மண்டபத்தில் செய்யுங்கள்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். மறுநாள் ஐந்து மணிக்கு வாருங்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடியும் முதலில் கிளினிக்தான்.

வீட்டில் இருப்பவர்கள் பயிற்சி நடக்கும் அரை மணி நேரம் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்புங்கள். கடன் பேச்சு, சாமான் கணக்கு எல்லாவற்றையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.