ட்ரிம் சக்கரத்தை முழுக்கச் சுற்றினால் எலிவேட்டர் எவ்வளவு மிஞ்சும்?

வாலில் மேலும் கீழும் அசைந்து விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் பலகைதான் எலிவேட்டர்; அதைப் பிடித்திருக்கும் கையின் பாரத்தைக் குறைப்பது ட்ரிம். ட்ரிம்மை ஒரு பக்கம் முழுக்கச் சுற்றிவிட்டால் எலிவேட்டர் அசையும் அளவே குறைந்துவிடும் என்று பயிற்சிக்கு வருபவர்களில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் தரையிலேயே இதைச் சோதித்துவிடலாம்.

என்ஜின் ஓடாதபோது, கன்ட்ரோல் லாக்கை (நிறுத்தியிருக்கும்போது போடும் பூட்டை) கழற்றிவிட்டு, யோக்கை (ஓட்டும் கைப்பிடியை) முட்டி நிற்கும் வரை இழுங்கள். எலிவேட்டர் 28 டிகிரி மேலே போய் நிற்கும் (கீழ்ப்பக்கம் 23). அப்புறம் ட்ரிம் சக்கரத்தை மூக்கு தூக்கும் பக்கமாகக் கடைசி வரை சுற்றிவிட்டு மறுபடி இழுத்தால், அதே இடத்தில்தான் முட்டும். இறங்கிப் போய் வலது எலிவேட்டரின் பின்விளிம்பைப் பாருங்கள், அங்கே இருக்கும் டேப் என்ற சின்னத் தகடு மட்டும் கீழே சாய்ந்திருக்கும். பறக்கும்போது அந்த டேப்பில் படும் காற்று எலிவேட்டரை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்வதால், உங்கள் கை தாங்க வேண்டிய பாரத்தை டேப் தாங்குகிறது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் யோக்கால் மூக்கை வையுங்கள், பவரை வையுங்கள், வேகம் நிலைக்கட்டும், அதன்பிறகு கையில் பாரம் போகும் வரை ட்ரிம்மைச் சுற்றுங்கள். ட்ரிம்மாலேயே விமானத்தை ஓட்டாதீர்கள். இறங்கும்போது மூக்கு தூக்கி ட்ரிம் செய்துவிட்டு, திடீரென்று கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) என்று முழு பவர் கொடுத்தால் மூக்கு வேகமாக எழும்பும். எலிவேட்டர் மிச்சம் இருக்கும், ஆனால் நீங்கள் யோக்கை அழுத்தித் தள்ளாவிட்டால் ஸ்டால்தான், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும். முதலில் தள்ளுங்கள், பிறகு ட்ரிம்.

போயிங் 737 வேறு கதை. அங்கே ட்ரிம் என்றால் ஸ்டெபிலைசர் (எலிவேட்டர் பொருத்தியிருக்கும் வாலின் கிடைமட்ட இறக்கை) முழுவதுமே ஒரு திருகு தண்டால் நகர்கிறது. சரியாக ட்ரிம் செய்திருந்தால் எலிவேட்டர் நடுவில் இருக்கும், இரண்டு பக்கமும் தாராளமாக இடம் மிஞ்சும். ஸ்டெபிலைசர் தவறான பக்கம் போய்விட்டாலோ, அதை எதிர்த்தே எலிவேட்டர் தீர்ந்துபோகும். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் 302 என்ற 737 மேக்ஸ் விமானத்தில், பழுதான சென்சாரை நம்பி எம்காஸ் (ட்ரிம்மைத் தானாக நகர்த்தும் மென்பொருள்) மூக்கைக் கீழே ட்ரிம் செய்தபோது, விமானிகள் இருவரும் சேர்ந்து இழுத்தும் மூக்கை நிலையாகத் தூக்கி நிறுத்த முடியவில்லை. அந்த வேகத்தில், ஸ்டெபிலைசரைக் கையால் நகர்த்தும் சக்கரத்தையும் சுற்ற முடியவில்லை. 157 பேர் இறந்தார்கள்.

அதனால் 737-இல் ட்ரிம் தானாக ஓடத் தொடங்கினால், யோக்கை இறுக்கிப் பிடித்தபடி மின் ட்ரிம்மால் முதலில் கைப்பாரத்தைக் குறையுங்கள், அதற்கப்புறம் ட்ரிம்முக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டு கட்-அவுட் சுவிட்சுகளையும் போடுங்கள். பாரம் ஏறிய நிலையிலேயே சுவிட்சைப் போட்டுவிட்டால், மிச்சத்தைக் கையால்தான் சுற்றியாக வேண்டும்.