மகாதமனி விரிந்திருக்கிறதா? நிபுணரை எப்போது பார்க்க வேண்டும்

வேறு எதற்கோ எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேனில்) ‘அசென்டிங் அயோர்டா விரிவடைந்துள்ளது’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. இதயத்திலிருந்து ரத்தத்தை உடலுக்கு எடுத்துச் செல்லும் பெரிய ரத்தநாளமான மகாதமனியின் (அயோர்டா) மேலேறும் பகுதிதான் அது. இணையத்தில் தேடினால் அதன் விட்டத்துக்கு 5.5 செ.மீ. என்ற எண் கண்ணில் படும். நமக்கு 4.3 தானே என்று பலர் ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அந்த 5.5 அறுவை சிகிச்சைக்கான வரம்பு. ஆலோசனை கேட்க வேண்டிய நேரம் அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது.

படி 1: வலி இருந்தால் காத்திருக்காதீர்கள்

நெஞ்சு, முதுகு, வயிறு என எங்காவது கிழிப்பதுபோல் திடீரென்று கடும் வலி, மயக்கம், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு: உடனே 108. அவசரப் பிரிவில் நுழைந்ததும் ‘மகாதமனி விரிந்திருப்பதாக ரிப்போர்ட் இருக்கிறது’ என்பதை முதலில் சொல்லுங்கள். மகாதமனிச் சுவர் கிழியும்போதும் ஈசிஜி இயல்பாக இருக்கக்கூடும். மாரடைப்பு என்று எண்ணி ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையின் திசையையே மாற்றும்.

படி 2: எந்த இடம், எவ்வளவு?

ரிப்போர்ட்டில் 42 என்று இருந்தால் அது மில்லிமீட்டர்; அதாவது 4.2 செ.மீ. நெஞ்சுப் பகுதியில் 4 செ.மீ.யைத் தாண்டினால் இதயநோய் நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். 4.5 ஆகிவிட்டால் மகாதமனி அறுவையில் அனுபவமுள்ள இதய அறுவை சிகிச்சை நிபுணரின் கருத்தையும் கேட்பது நல்லது. அறுவை செய்துகொள்ளத்தான் என்றில்லை, கண்காணிப்பை அவர் கண்ணும் பார்த்து வகுப்பதற்காக. வயிற்றுப் பகுதியில் 3 செ.மீ. எட்டினாலே அது வீக்கம்தான். ரத்தநாள அறுவை நிபுணரைப் பாருங்கள்.

படி 3: உங்கள் எண்ணின் கனம் என்ன?

ஒரே 4.4 எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்தப் படியில்தான் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது மகாதமனி வீக்கமோ கிழிசலோ உண்டா? ‘நன்றாக இருந்தவர், திடீரென்று போய்விட்டார்’ என்று வீட்டில் சொல்லப்படும் மரணங்களையும் விசாரியுங்கள். மூன்று இதழ் இருக்க வேண்டிய அயோர்டிக் வால்வில் இரண்டே இதழ் இருக்கிறதா? மார்ஃபான் போன்ற மரபுவழிக் குறைபாடு உண்டா? இப்படிப்பட்டவர்களுக்கு அறுவை வரம்பே 5 அல்லது அதற்கும் கீழே இறங்கக்கூடும். குள்ளமான உடல்வாகுள்ளவர்களுக்கும் எண்ணை உயரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண் என்றால், கருத்தரிக்கும் முன்பே நிபுணரைப் பார்த்துவிட வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். ஓராண்டில் அரை செ.மீ. வளர்ந்திருந்தால் மொத்த அளவு சிறியதாக இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. ஆனால் ஒன்று எக்கோவிலும் மற்றொன்று சி.டி. ஸ்கேனிலும் எடுத்தது என்றால் அந்த வித்தியாசத்தை அப்படியே வளர்ச்சி என்று கொள்ள முடியாது. ஒரே முறையில் மறுபடி அளக்கச் சொல்வார்கள்.

படி 4: போகும்போது

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கொண்டு போங்கள், நிபுணர் தாமே அளந்து பார்ப்பார். கேட்க வேண்டியவை: அடுத்த ஸ்கேன் எப்போது, என் அறுவை வரம்பு எது, எவ்வளவு எடை தூக்கலாம், என் பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையா.

அதுவரை ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதீர்கள், புகையை அடியோடு நிறுத்துங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்காதீர்கள். காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை எழுதிக் கொடுத்தால், உங்கள் மகாதமனி பற்றிச் சொல்லி மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். இவை மகாதமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-லேயே எச்சரித்திருக்கிறது.