ஆபத்து வேளையில் செய்தியைச் சரியாகச் சொல்வது எப்படி?

உதவி கேட்டு அழைக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது நீங்கள் இருக்கும் இடம். என்ன நடந்தது என்பது அதற்கு அடுத்துதான். பதறிப்போனவர் இயல்பாகவே "அப்பா மயங்கி விழுந்துவிட்டார், மூச்சுத் திணறுகிறது, உடனே வாருங்கள்" என்றுதான் தொடங்குவார். அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிட்டால், கேட்டவருக்கு ஆபத்து புரிந்திருக்கும், எங்கே போவதென்றுதான் தெரிந்திருக்காது. "நூலகத்துக்குப் பின்தெரு, மூன்றாவது வீடு, மாடிப்படி வெளியே இருக்கிறது" என்று தொடங்கியிருந்தால், பாதியில் அழைப்பு நின்றாலும் வண்டி கிளம்பிவிடும். எதிர்முனையில் இருப்பவர் போதும் என்று சொல்லும்வரை நீங்களாக போனை வைத்துவிடாதீர்கள்.

அடுத்து, ஆபத்தை ஆபத்து என்றே சொல்ல வேண்டும். தயக்கத்தினாலோ மரியாதையினாலோ நாம் சொற்களை மென்மையாக்கிவிடுகிறோம்; அது உயிரைப் பறிக்கும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் தரையிறங்க வேண்டிய ஆவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட வைக்கப்பட்டது. விமானிகள் முன்னுரிமை கேட்டார்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் அவசரநிலை என்று கட்டுப்பாட்டு அறைக்கு முறைப்படி அறிவிக்கவே இல்லை. விமானம் எரிபொருளின்றி விழுந்ததில் 73 பேர் இறந்தார்கள். "கொஞ்சம் முடியவில்லை" என்பதற்கும் "நினைவில்லாமல் கிடக்கிறார், மூச்சு இல்லை" என்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரியது.

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை, என் கருத்தில் மிக முக்கியமான வேலையும் அதுவே. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், விமானி சொன்ன ஒரு வாக்கியத்தைக் கட்டுப்பாட்டாளர் வேறு விதமாகப் புரிந்துகொண்டதும், காத்திருக்கும்படி அவர் சொன்ன பதில் இன்னொரு விமானத்தின் ஒலிபரப்போடு ஒரே நொடியில் மோதித் தெளிவாகக் கேட்காமல் போனதும் அவற்றில் அடங்கும். எனவே "சரி", "ம்" என்ற பதில்களை ஏற்காதீர்கள். "எந்த வாசலுக்கு வருகிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வையுங்கள்.

கூட்டத்தில் "யாராவது ஆம்புலன்சுக்கு போன் செய்யுங்கள்" என்று கத்தினால், மற்றவர் செய்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நின்றுவிடுவார்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டைத் தம்பி, நீங்கள் போன் செய்யுங்கள், பேசி முடித்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

பேரிடரின்போது எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் குரல் அழைப்புகள் கிடைக்காமல் போகும். குறுஞ்செய்திக்கு மிகக் குறைந்த இடமே தேவை என்பதாலும், உடனே போகாவிட்டாலும் காத்திருந்து போய்ச்சேரும் என்பதாலும், குடும்பத்தாருக்கு அதையே அனுப்புங்கள். அதில் நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். "பாலம் இப்போது மூழ்கிவிட்டது" என்ற செய்தி கைமாறிக் கைமாறி மறுநாளும் சுற்றிவரும், "மாலை 4.20, நானே நேரில் பார்த்தேன், பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர்" என்றால் படிப்பவர் தானே முடிவெடுக்க முடியும். யாரோ சொன்னதை அனுப்புவதானால், கேள்விப்பட்டது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

நீங்கள் பத்திரமான இடத்துக்குப் போனதும், யாரிடமெல்லாம் உதவி கேட்டீர்களோ அத்தனை பேருக்கும் அதைத் தெரிவியுங்கள். உங்களைத் தேடும் படகு வேறொருவரைத் தேடிப் போக முடியும்.