இந்தித் திரைப்பாடல் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை மாட்டுங்காவில் உள்ள என் வீட்டுக்குச் சென்ற மாதம் ஓர் இளைஞர் வந்திருந்தார். பழைய இந்திப் படப்பாடல்களைச் சேர்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், தாத்தாவின் பரணிலிருந்து ஒரு பெட்டி இசைத்தட்டுகள் கிடைத்திருக்கின்றன என்றும், அந்தப் பாடல்களெல்லாம் ஏற்கெனவே தம் கணினியில் இருப்பதால் தட்டுகளை விற்றுவிட ஆள் தேடுவதாகவும் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஏறக்குறைய இதே சொற்களைச் சொல்லி நான் என் தட்டுகளை விற்றேன். அவரை உட்காரவைத்து மாலை முழுவதும் பேசினேன். அன்று பேசியவற்றையும் மற்றத் தொடக்கநிலைச் சேகரிப்பாளர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகளையும் இங்கே எழுதுகிறேன். தட்டைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது என்பன போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

லேபிளில் அச்சான பெயரை அப்படியே எழுதிக்கொள்வது

1949இல் வெளிவந்த 'மஹல்' படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' பாடலுக்கு முதலில் வந்த இசைத்தட்டில் பாடியவர் பெயராக 'காமினி' என்றே அச்சாகியிருந்தது. அது படத்தில் மதுபாலாவின் பாத்திரத்துக்கு உரிய பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். வானொலியில் பாடலைக் கேட்டவர்கள் பாடியது யாரென்று கேட்டு எழுதிய பிறகே அவர் பெயர் வெளியே தெரிந்தது. பின்னணிப் பாடகர் பெயரை மறைத்துப் பாத்திரத்தின் பெயரை இடுவது அக்காலத்தில் அரிதன்று. ஆகவே 1940களின் தட்டு ஒன்றில் காணும் பெயர் பாடகருடையதா, நடிகருடையதா, கதாபாத்திரத்துடையதா என்று தீர்மானிக்காமல் பட்டியலில் ஏற்றக் கூடாது.

இசையமைப்பாளர் பெயரிலும் இதே கவனம் வேண்டும். 1972இல் வெளியான 'பாகீஸா'வின் பாடல்களுக்கு இசையமைத்த குலாம் முகமது, படம் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1968இல் மறைந்துவிட்டார். பின்னணி இசையை நௌஷாத் முடித்துக்கொடுத்தார். நௌஷாத் பெரிய பெயர் என்பதால் சிலர் பாடல்களையும் சேர்த்து அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வாழ்நாளின் மிகச் சிறந்த வேலையை முடித்துவிட்டு அதன் புகழைக் காணாமல் போன ஒருவரிடமிருந்து அந்த வேலையையும் பறிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வாத்திய அமைப்பாளர்களின் நிலை இதைவிட மோசம். சங்கர்–ஜெய்கிஷனின் பாடல்களுக்கு வயலின் கூட்டத்தின் ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதிக்கொடுத்தவர் கோவாவைச் சேர்ந்த செபாஸ்டியன் டிசௌசா. அவர் பெயரை எந்த லேபிளில் தேடியும் பயனில்லை. நீங்கள்தான் உங்கள் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டை ஸ்பிரிட்டால் துடைப்பது

78 தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். வேண்டாம்.

எல்.பி. முள்ளால் 78 தட்டை ஒலிக்கவிடுவது

78 தட்டின் பள்ளம் அகலமானது. எல்.பி. என்பது பக்கத்துக்குப் பல பாடல்கள் அடங்கும் பிற்கால நெடுநேரத் தட்டு; அதற்கான முள் 78இன் பள்ளத்தின் அடியில் போய் விழுந்து அழுக்கைத்தான் படிக்கும். 78க்கு என்று தனி முள் விற்கிறார்கள்; வாங்கிக்கொள்ளுங்கள்.

'இதே பாட்டு என்னிடம் இருக்கிறது' என்று தட்டைக் கைவிடுவது

மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த முடியாது. அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பிழையை நினைத்தால் எனக்கு எரிச்சல் தணிவதில்லை.

1994இல் நான் சிறிய வீட்டுக்கு மாறியபோது என்னிடம் 78 தட்டுகள் இருநூறு அளவில் இருந்தன. அவற்றில் அறுபது தட்டுகளின் பாடல்கள், பின்னாளில் வந்த எல்.பி. தொகுப்புகளிலும் இருந்தன. எல்.பி. கனமில்லை, உடையாது, இரைச்சல் குறைவு. அந்த அறுபதையும் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, சோர் பஜாரின் மட்டன் தெருவில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, இடம் மிஞ்சியதே என்ற நிறைவோடு திரும்பினேன்.

சில மாதங்கள் கழித்து என்னைவிட மூத்த சேகரிப்பாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். 1940களின் இறுதியில் வந்த ஒரு பாடலை அவருக்காக எல்.பி.யில் ஒலிக்கவிட்டேன். முடிந்ததும், "மீதி எங்கே?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறு தம் தட்டை ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்து இரண்டாம் பக்கத்தை வைத்தார். முள் இறங்கியதும் முதலில் சாரங்கி கேட்டது. பிறகு, சரணத்தை எடுப்பதற்கு முன்பு பாடகி மூச்சை உள்ளிழுக்கும் ஒலி. அதன் பின் நான் அதுவரை கேட்டே இராத நான்கு வரிகள். என் எல்.பி.யில் பல்லவி மூன்றாம் முறை வரும்போதே ஒலியை மெல்லத் தணித்துப் பாடலை முடித்திருந்தார்கள். அந்த நான்கு வரிகள் இருந்த தட்டு என் வீட்டிலேயே பல ஆண்டுகள் இருந்தது. முதல் பக்கத்தை மட்டுமே கேட்டு, இரண்டாம் பக்கத்தில் அதே பாடலின் பெயரைக் கண்டு, அதையே திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். மறுநாளே மட்டன் தெருவுக்கு ஓடினேன். பெட்டி இருந்தது, தட்டுகள் விற்றுப்போயிருந்தன.

இப்படி நேர்வதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் பிழையைத் தவிர்ப்பது எளிது. பத்து அங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமான இடம் மட்டுமே உண்டு. படத்தில் ஆறு நிமிடம் ஓடும் பாடலை ஒன்று சுருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கங்களுக்குப் பிரிக்க வேண்டும். மேலும், காந்த நாடா பழக்கத்துக்கு வருவதற்கு முன்பு படத்தின் ஒலி படச்சுருளிலேயே பதிவாயிற்று. இசைத்தட்டுக்காகப் பல பாடல்களை மீண்டும் ஒருமுறை பாடிப் பதிந்தார்கள். இரண்டு பதிவுகளுக்கும் இடையே வாத்தியங்கள் மாறும், வேகம் மாறும், வரிகள் கூடும் அல்லது குறையும். சில பாடல்களில் பாடகரே மாறிவிடுவார். படத்தில் தானே பாடிய நடிகரின் இடத்தில் தட்டில் வேறொருவர் பாடியிருப்பார். பிற்காலத் தொகுப்பைத் தயாரித்தவர்கள் கையில் கிடைத்த ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு ஆறேழு பாடல்கள் அடங்கும்படி வெட்டியிருப்பார்கள். இன்று இணையத்தில் ஒலிப்பது பெரும்பாலும் அந்தத் தொகுப்பின் வழித்தோன்றல். ஆக, 'ஒரே பாட்டு' என்று நாம் எண்ணுவது மூன்று நான்கு வெவ்வேறு பொருள்களாக இருக்கக்கூடும்.

நாடாக் காலம் வந்த பின்பும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. 1955இன் 'முனீம்ஜி'யில் 'ஜீவன் கே சஃபர் மே ராஹி' பாடலைக் கிஷோர் குமாரும் லதாவும் தனித்தனியே பாடியிருக்கிறார்கள். 1979இன் 'மன்ஸில்' படத்தில் 'ரிம்ஜிம் கிரே சாவன்' பாடலைக் கிஷோர் அவையில் ஆர்மோனியத்தோடு அமைதியாகப் பாடுகிறார்; லதாவின் குரலில் அதே மெட்டு கொட்டும் மழையில் மும்பைத் தெருக்களெங்கும் நடக்கிறது. பாடலின் முதல் அடியை மட்டும் வைத்துத் தேடி ஒன்றை அழித்தவர்களை நான் அறிவேன். எதிர்த்திசையிலும் ஏமாறலாம்: 'பாகீஸா'வுக்காகக் குலாம் முகமது பதிவு செய்து, படத்தில் இடம்பெறாமல் போன பாடல்கள் சில ஆண்டுகள் கழித்துத் தனி எல்.பி.யாக வெளிவந்தன. அவற்றைப் படத்தில் தேடிக் காணாமல், தட்டுதான் போலி என்று முடிவு கட்டியவரும் உண்டு.

புதிய படப்பிரதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1960இன் 'முகல்-ஏ-ஆஸம்' 2004இல் வண்ணமேற்றி வெளியிடப்பட்டபோது சில பாடல்கள் நீக்கப்பட்டன. பாடகர்களின் குரலை வைத்துக்கொண்டு இசைப்பகுதியைப் புதிதாகப் பதிந்து சேர்த்தார்கள். அந்த ஒலியைக் கேட்டு 1960இல் இருந்த வாத்தியக் குழுவைப் பற்றி எழுதினால் அது பிழையாகவே முடியும்.

ஆகவே ஒரு தட்டை விற்பதற்கு முன் குறைந்தது இவற்றையாவது செய்யுங்கள். இரண்டு பக்கங்களையும் முழுதாகக் கேளுங்கள். லேபிளில் உள்ள எண்ணையும் (எச்.எம்.வி. என்றால் 'என்' வரிசை, கொலம்பியா என்றால் 'ஜி.இ.' வரிசை என்பவையே இந்திப் படத்தட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும்), லேபிளைச் சுற்றியுள்ள வெறும் அரக்கில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், முன்னது விற்பனைக்கான எண், பின்னதுதான் குறிப்பிட்ட பதிவுக்கு உரியது. பாடல் ஓடும் நேரத்தை நொடிக்கணக்கில் குறியுங்கள். தொடக்க இசை, ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல், முடியும் விதம் ஆகியவற்றை எழுதுங்கள். கான்பூரின் ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' தொகுத்த 'ஹிந்தி ஃபில்ம் கீத் கோஷ்' 1931 முதலான படப்பாடல்களைப் பத்தாண்டு வாரியாகத் தட்டு எண்களோடு தருகிறது, அதோடு ஒப்பிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் இரண்டும் ஒன்றே என்று உறுதியானால் விற்கலாம். நான் அப்போதும் விற்பதில்லை.

வேகத்தைச் சரிபார்க்காமல் 'வேறு பதிவு' என்று அறிவிப்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் வேறு பதிவு என்று சொல்லத் தொடங்குவதும் ஒரு பிழை. படம் திரையரங்கில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சியும் பழைய வீடியோ கேசட்டுகளும் பின்பற்றிய 'பால்' (PAL) ஒளிபரப்பு முறையில் 25 சட்டங்கள். அதனால் அந்த வழியாக வந்த பாடல் நான்கு சதவீதம் வேகமாக ஓடும். நான்கு நிமிடப் பாட்டில் பத்து நொடி குறையும். சுருதி ஏறக்குறைய ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு உயரும். ஆர்மோனியத்தை எடுத்துச் சுருதியைப் பார்த்துவிட்டு, வேகத்தைச் சரிசெய்து, இரண்டையும் ஒன்றாக ஓடவிடுங்கள். பாடகியின் மூச்சு இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்தால் அது ஒரே பதிவுதான்.

படத்தின் ஆண்டை எழுதாமல் விடுவது

'கிஸ்மத்' என்றால் 1943ஆ, 1968ஆ? 'பர்ஸாத்' என்றால் 1949ஆ, 1995ஆ?

இரைச்சலை நீக்கிவிட்டு மூலப்பதிவை அழிப்பது

மென்பொருள் கொண்டு கரகரப்பை நீக்கும்போது அதனோடு தபலாவின் விளிம்பு ஓசையும், 'ஸ', 'ஷ' ஒலிகளின் கூர்மையும் போய்விடும். முதல் வாரம் காதுக்கு இதமாக இருக்கும். ஓராண்டு கழித்துக் கேட்டால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் இருக்கும். முள்ளிலிருந்து வந்ததை வந்தபடியே சுருக்காத கோப்பாக வைத்துக்கொண்டு, சுத்தப்படுத்துவதை நகலில் மட்டும் செய்யுங்கள்.

ஜங்கார் பீட்ஸ் சேர்த்ததை மூலம் என்று நம்புவது

பழைய பாடலின் மேல் மின்னணுத் தாளத்தையும் எதிரொலியையும் ஏற்றி விற்ற கேசட்டுகள் இன்றும் கோப்புகளாகச் சுற்றுகின்றன. உறையில் 'ஜங்கார்' என்ற சொல் இருந்தால் ஒதுக்கிவையுங்கள். அதைப் போலவே, 1980களில் மலிவு விலைக் கேசட்டுகளில் வேறு பாடகர்கள் பாடி வந்த வெர்ஷன் பாடல்களும் மூலப் பாடகர் பெயரிலேயே பலரிடம் சேர்ந்திருக்கின்றன. குரலைக் கேட்டு எழுதுங்கள், கோப்பின் பெயரைப் பார்த்து எழுதாதீர்கள்.

தட்டில் இல்லாததைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

பாடல்களைச் சேர்த்துவிட்டால் படத்தின் இசை முழுவதையும் சேர்த்துவிட்டதாக நினைக்கிறோம். 1975இன் 'ஷோலே'யில் அமிதாப் பச்சன் மாலை வேளையில் வாசிக்கும் மவுத் ஆர்கன் இசையைப் பானு குப்தா வாசித்தார். படத்தை நினைப்பவர்களுக்குப் பாடல்களோடு அதுவும் நினைவுக்கு வரும். அந்தப் படத்தின் வசனங்கள் தனித் தட்டுகளாக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. ஆனால் பெரும்பாலான படங்களின் பின்னணி இசைக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. அது படச்சுருளில் மட்டுமே இருக்கிறது, வசனத்தோடும் குதிரைக் குளம்பொலியோடும் கலந்து. படம் பார்க்கும்போது அவ்வகைப் பகுதிகளின் நேரத்தையும் வாத்தியத்தையும் குறித்துவையுங்கள்.

சுருளும் போனால் என்ன நேரும் என்பதற்கு முதல் பேசும் படமே சான்று. 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியான 'ஆலம் ஆரா'வில் ஏழு பாடல்கள் இருந்தன. அவை இசைத்தட்டில் வெளிவரவில்லை. படத்தின் பிரதியும் எஞ்சவில்லை. அதன் முதல் பாடலான 'தே தே குதா கே நாம் பர்' என்ற பெயரில் இன்று கைமாறும் ஒலிப்பதிவுகள் பிற்காலத்தில் பாடப்பட்டவை. யாராவது அதன் மூலத்தைத் தருவதாகச் சொன்னால், விலை பேசுவதற்கு முன்பு எந்தத் தட்டு, என்ன எண் என்று கேளுங்கள்.